வட்டத்துக்கு வெளியே ஒரு காது

கெயோனில் நெடுஞ்சாலை முடிகிறது.
அதற்கப்பால் கடல்.
நாயை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளுக்கு
இதைவிடத் தோதான இடம் தேசத்தில் இல்லை.

சால்மன் ஆலையில் இரவுப் பணி முடித்து
விரலில் மீன்வாடை போகுமுன்னே
படம் ஏற்றுவேன்:
நிறம், உயரம், கண்ட இடம்,
எதுலியா சிகுவாய், என் தொலைபேசி எண்.
தீம் இலவசமாய்க் கிடைத்தது.
செய்தவர் யாரோ, எந்த ஊரோ,
அழகு என்று நினைத்து
எல்லாப் படத்தையும் வட்டமாய் நறுக்கியிருந்தார்,
பிஸ்கட் அச்சு போல.

படகுத்துறையில் ஒரு பழுப்பு நாய்.
இந்த ஊரில் பாதி நாய்கள் பழுப்பு.
இதற்கு அடையாளம் ஒன்றுதான்,
கிழிந்த இடது காது.
வட்டம் அதைத்தான் வெட்டியது.

அப்படித்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன்.
இரண்டாயிரத்து நானூறு வரி.
ஒழுகும் குழாயை இறுக்கப் போனவள் கையில்
ஊர் முழுக்கப் போகும் குழாய்களின் வரைபடம்.

ஒரு வரியைத் தொட்டேன்: நாய்கள் நீண்டன,
ஒவ்வொன்றும் ஒரு பெஞ்சு நீளம்.
சிரித்தேன்.
இன்னொரு வரியைத் தொட்டேன்:
பட்டியல் கழன்று பக்கத்தின் அடியில் விழுந்தது,
தேடல் பெட்டி தலைப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது,
மிச்சமெல்லாம் வெள்ளை.
அப்போது சிரிக்கவில்லை.

ஆலையில் பட்டை நின்றால்
பாதி மோட்டாரை அணைப்போம்.
கோளாறு போனால் அணைத்த பாதியில்,
போகாவிட்டால் ஓடும் பாதியில்.
அதையே செய்தேன்.
பாதி வரிகளை மூடினேன்,
பாதியில் பாதி,
அதிலும் பாதி.
விடியற்காலை நான்கு மணி, விறகு அடுப்பு ஆறிப்போய்,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஓர் அரைப்புள்ளி இல்லை.
முழுப்புள்ளிகூட இல்லை, அரை.
அது இல்லாமல்தான்
அத்தனையும் சரிந்து கிடந்தது.

வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.
எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இல்லை.
உலாவி பழையதையே காட்டிக்கொண்டிருந்தது,
நான் குடியை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும்
ஒவ்வொரு விருந்திலும்
என் கிளாஸை முகர்ந்து பார்க்கும் தங்கையைப் போல.
அதன் நினைவைத் துடைத்த பிறகே வந்தது
எப்போதோ சரியாகிவிட்ட பக்கம்.

பதினோரு நாள்.
பிறகு ஒரு பொத்தான்: புதிய பதிப்பு தயார்.
அழுத்தினேன்.
அத்தனை வட்டங்களும் திரும்பி வந்தன.
அடுப்பிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.
அதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் படித்தேன்:
தாய்த் தீமில் கைவைக்காதே,
சேய்த் தீம் ஒன்று செய்துகொள்.
தாய் எத்தனை முறை உடுப்பு மாற்றினாலும்
சேய் சொன்னது நிற்கும்.
என் சேய் மொத்தம் ஒன்பது வரி.
சம பலத்தில் இருவர் பேசினால்
பின்னால் பேசுபவள் சொல்லே செல்லும், அதுதான் விதி.
பத்தொன்பது வருடம் ஆலையில் இருக்கிறேன்,
இப்படி ஒரு விதியை
அங்கே யாரும் எனக்கு எடுத்துக்காட்டியதில்லை.

இப்போது படங்கள் எடுத்தபடியே தெரிகின்றன.
மூலையில் என் பூட்ஸ் நுனியும். இருக்கட்டும்.

வியாழக்கிழமை யல்தாத்திலிருந்து ஒரு குரல்,
கஸ்தோதியோ லெப்பீயோ என்றது.
"அந்தப் பழுப்பு நாய்... காதைப் பார்த்தேன்.
எங்களுடையதுக்குக் கிழிந்தது வலது."

படம் கண்ணாடியில் போலத் திரும்பியிருக்குமோ?
பழகிவிட்டது, எதையும் சோதிக்காமல் விட முடிவதில்லை.
போனைக் கீழே வைத்துவிட்டு
நாயின் தலையைப் பிடித்துத் திருப்பினேன்.
இடதுதான்.

"மன்னியுங்கள்" என்றேன்.
"எதற்கு? தெரியாமல் இருந்தால்
இந்த மழையில் கிளம்பி வந்திருப்பேன்."
சற்று நேரம் இரண்டு பக்கமும் மழை மட்டும் கேட்டது.
வைத்துவிட்டார்.

நாய் அடுப்போரம் சுருண்டிருக்கிறது.
கைபேசியில் மட்டும் தலைப்பு
இன்னும் இரண்டாய் உடைகிறது.
எந்த வரி என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.
இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.